பகல் காட்சிக்கு வந்தவர்கள்

சினிமாத் தொழிலில் நடிக்காமல், பாடாமல், விளக்கைக்கூடத் தூக்காமல் பிழைக்க ஒரு வழி உண்டு. படத்தை வாங்கி வெளியிடும் நிறுவனம் ஒவ்வொரு திரையரங்குக்கும் ஓர் ஆளை அனுப்பும். அவர் வாசலில் நின்று உள்ளே போகிற தலைகளை எண்ண வேண்டும். எத்தனை டிக்கெட் விற்றோம் என்று திரையரங்குக்காரர் எழுதிக் கொடுக்கும் தாளில், 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முப்பத்தோரு வருஷமாக இதைச் செய்துவந்தவரை ஊரில் எல்லோரும் தலையெண்ணி என்றே கூப்பிட்டார்கள். முதலில் அது கேலியாக இருந்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. அவருடைய மனைவிக்கு வந்த கடிதத்தில் ஒருமுறை 'திருமதி தலையெண்ணி' என்று போட்டிருந்தது. எழுதியவர் விளையாட்டாக எழுதவில்லை.

கூட்டம் என்று எதைப் பார்த்தாலும் அவருடைய உதடு அசையத் தொடங்கிவிடும். பேருந்து நிறுத்தம், மருத்துவமனை வராந்தா, சாவு வீடு என்று வித்தியாசம் கிடையாது. சாவு வீட்டில் மட்டும் மனைவி முழங்கையால் இடிப்பாள். "எண்ணாதீங்க. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்பாள். அவருக்கு எண்ணி முடித்த பிறகுதான் எண்ணியதே தெரியும்.

வேலையில் மனிதர் கெட்டிக்காரர். கதவு இரண்டும் திறந்து, கூட்டம் முட்டி மோதிக்கொண்டு போனாலும் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. உள்ளே போய்விட்டுத் தண்ணீர் வாங்க வெளியே வருகிறவர், திரும்பப் போகிறவர், அம்மா இடுப்பில் தூங்கும் குழந்தை, எல்லோருக்கும் அவரிடம் இடம் உண்டு. ஆனால் அவர் நேர்மையானவரா என்று கேட்டால், பாதி என்றுதான் சொல்ல வேண்டும். ஊரின் ஒரே திரையரங்கின் முதலாளிக்கும் அவருக்கும் பன்னிரண்டு வருஷமாக ஓர் ஏற்பாடு இருந்தது. முதலாளி சில டிக்கெட்டுகளைக் கணக்கில் காட்டமாட்டார். தலையெண்ணி அதைக் கண்டுகொள்ளமாட்டார். வாரக் கடைசியில் ஓர் உறை சட்டைப்பைக்குள் வந்து விழும். முதல் உறை மனைவியின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் போனது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பிறகு வந்த உறைகளுக்குப் பழக்கம்தான் காரணம். உண்மையான எண்ணிக்கையை ஒரு சின்ன டயரியில் மட்டும் குறித்துவைப்பார். முதலாளி தன்னையும் ஏமாற்றிவிடக் கூடாது அல்லவா?

அவருடைய ஐம்பத்தெட்டாவது வயதில் வந்து சேர்ந்தது 'கல்லறைக் காவலன்'.

வெளிநாட்டுப் படம். ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மாவீரன் ஒருவன் செத்துப்போகிறான். புதைத்த பிறகு எழுந்து வருகிறான். எழுந்தும் ஊரைத்தான் காப்பாற்றுகிறான், ஆனால் அவன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் காப்பாற்றப்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. சொந்த நாட்டில் படம் படுத்துவிட்டது. பறக்கிற வீரன் என்று பிள்ளைகளைக் கூட்டிப்போன பெற்றோர், அலறுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இடைவேளைக்கு முன்பே வெளியேறினார்கள். பேய்ப்பட ரசிகர்களோ, பேய் எதற்கடா பறக்கிறது என்று சிரித்தார்கள். கைவிட்டுப் போயிற்று என்று நிறுவனம் நினைத்திருந்த நேரத்தில், அறுபத்திரண்டு நாடுகளில் ஒரே நாளில் வெளியிட்ட இடமெல்லாம் கூட்டம் பிய்த்துக்கொண்டு போனது. உள்ளூரில் போன மானத்தை வெளியூரில் மீட்க வேண்டிய நிலை. நாளுக்கு மூன்று தடவை உலக வசூல் என்று ஓர் எண்ணை நிறுவனம் அறிவித்தது. அந்த எண் ஏற ஏற, அதைப் பார்த்தே இன்னும் கூட்டம் வந்தது.

தலையெண்ணியின் கைப்பேசிக்கு இதனால் ஓய்வே இல்லை. கிளை அலுவலகத்தில் எண்களை வாங்கி மேலே அனுப்பும் பெண் ஒருத்தி இருந்தாள். "அண்ணே, நம்பர் வந்துச்சா? மேல உயிரை எடுக்கிறாங்கண்ணே" என்று காட்சிக்கு ஒருமுறை கூப்பிடுவாள். சின்ன ஊர், ஒற்றைத் திரை, அதுவும் வேண்டும் அவர்களுக்கு.

இன்னொன்றும் கேட்டார்கள். படத்தின் பயமே சத்தத்தில்தான் இருக்கிறது, நல்ல ஒலிபெருக்கி இருந்தால்தான் படம் தருவோம் என்றார்கள். முதலாளி எட்டுப் பெரிய ஒலிபெருக்கிகளை வாடகைக்கு எடுத்தார். நான்கைப் பால்கனியின் உத்தரத்தில் தொங்கவிட்டார். அந்தப் பால்கனியில் ஆறேழு வருஷமாக யாரும் உட்காருவதில்லை. மழைத் தண்ணீர் இறங்கி, சுவர் ஊறி, காரை உதிர்ந்துகொண்டிருந்ததால் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

"முதலாளி, அந்த உத்தரம் தாங்குமா?" என்று தலையெண்ணி ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தார்.

"எங்கப்பா கட்டினது. நாம ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகும் அது நிக்கும்" என்றார் முதலாளி.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பகல் காட்சி பன்னிரண்டு மணிக்கு. பதினொன்றரைக்கே வரிசை தெருமுனை தாண்டிவிட்டது. டிக்கெட் தீர்ந்ததும் முதலாளி பின்பக்க அறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கச் சொன்னார். நாற்பத்தைந்து நாற்காலிகள். முன்வரிசையில் போட்டால் டிக்கெட் வாங்கினவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று, கடைசி வரிசைக்குப் பின்னால், பால்கனிக்கு அடியில் போட்டார்கள். அதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது. காசைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

தலையெண்ணி வழக்கம்போல வாசலில் நின்று எண்ணினார். செருப்புக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, கழுத்தில் கடை அட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலிக் கூட்டத்தோடு உள்ளே போனாள். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்து தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"அண்ணே, என்னை ரெண்டு தடவை எண்ணிடாதீங்க. நான் அவ்ளோ குண்டு இல்ல" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். ஒன்றைக் கழித்துக்கொண்டார். கதவு சாத்தியபோது மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று. டயரியில் எழுதினார். முதலாளி நீட்டிய தாளில் நூற்று எண்பத்தாறு என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டார்.

ஒன்று இருபதுக்கு இருவரும் முதலாளியின் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் கல்லறை பிளக்கும் கட்டம். சுவரெல்லாம் அதிர்ந்தது. பிறகு அதைவிடப் பெரிதாக ஒரு சத்தம்.

"பாத்தியா, என்னா பேச்சு பேசுது ஸ்பீக்கரு!" என்றார் முதலாளி.

மேஜை மேலிருந்த தேநீர்க் குவளை தானாக நகர்ந்து கீழே விழுந்தது. கதவிடுக்கு வழியாக வெள்ளையாகப் புழுதி உள்ளே வந்தது.

உள்ளே இருந்தவர்களுக்கும் முதலில் புரியவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. தலையில் தூசி விழுந்தபோது சிலர் கைதட்டினார்களாம். படத்துக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைத்திருக்கிறார்கள். திரையில் கல்லறைக் காவலன் எழுந்து நின்றுகொண்டிருந்தான், பின்னால் பால்கனி, மேலிருந்த கூரையையும் இழுத்துக்கொண்டு, முழுதாக இறங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய்த் திரை இருண்ட பிறகுதான் அலறல் கிளம்பியது.

தலையெண்ணி பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டார். வந்தவர்களை இழுத்து வெளியே தள்ளினார். யாரோ ஒரு கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். அதுவரை அவரைக் குறை சொல்ல முடியாது. தீயணைப்பு வண்டி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. தெருவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"அண்ணே, பகல் காட்சி நம்பர் இன்னும் வரலையே?" என்றாள் அலுவலகப் பெண். அவளுக்கு விஷயம் தெரியாது.

"நூத்தி எண்பத்தாறு" என்றார்.

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

தீயணைப்பு அதிகாரி நிதானமான ஆள். தப்பி வந்தவர்களை எதிரே இருந்த பேருந்துப் பணிமனைக்குள் உட்காரவைத்து எண்ணச் சொன்னார். மருத்துவமனைக்குப் போனவர்களைத் தொலைபேசியில் கேட்டுக் கூட்டினார். கடைசி வரிசையில் கிடைத்த மூன்று உடல்களையும் சேர்த்தார். பிறகு முதலாளியிடம் காட்சிக்கு எத்தனை பேர் என்று கேட்டார். முதலாளி கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினார்.

இரண்டே முக்கால் மணிக்கு அதிகாரியின் கணக்கு நூற்று எண்பத்து நான்கில் நின்றது. பத்து நிமிஷத்தில், முன்பே வீட்டுக்கு ஓடிப்போயிருந்த தம்பதி ஒன்று செருப்பைத் தேடித் திரும்பி வந்தது. நூற்று எண்பத்தாறு.

"அப்பாடா! எல்லாரும் வந்தாச்சு" என்றார் அதிகாரி. மீதிக் கூரை பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. தன் ஆட்களை அதற்கடியில் அனுப்ப அவருக்கு மனமில்லை. உள்ளே யாரும் இல்லையென்றால் அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. இடிபாட்டை இழுத்துப்போடப் பெரிய இயந்திரம் ஒன்றுக்குச் சொல்லியனுப்பினார்.

தலையெண்ணி மனதுக்குள் கழித்துப் பார்த்தார். இருநூற்று முப்பத்தொன்றில் நூற்று எண்பத்தாறு போனால் நாற்பத்தைந்து. ஆனால் எத்தனையோ பேர் எண்ணுவதற்கு முன்பே வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். அந்தத் தம்பதி ஓடவில்லையா? அந்த நாற்பத்தைந்தும் ஓடிப்போனவர்கள்தான். நிச்சயம் ஓடிப்போனவர்கள்தான். இப்படி அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கும்போது முதலாளி பக்கத்தில் வந்து நின்று முழங்கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

"நூத்தி எண்பத்தாறுதான். புரியுதா? உன் கையெழுத்து இருக்கு அதுல" என்றார் மெதுவாக.

"முதலாளி, அந்தச் சேர்..."

"எந்தச் சேரு?"



மூன்று மணிக்கு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அவரிடம் வந்தாள். தெருக்கோடியில் இருக்கும் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். போலீஸ்காரரிடம் கேட்டுப் பார்த்து, முதலாளியிடம் கேட்டுப் பார்த்து, கடைசியாக இவரிடம் வந்திருந்தாள்.

"அண்ணே, நீங்கதானே வாசல்ல நின்னீங்க? என் தங்கச்சி உள்ள போனா. செருப்புக் கடை அட்டை கழுத்துல மாட்டியிருப்பா. டிக்கெட் இல்ல, ஆனா சேர் போட்டு விடுறாங்கக்கான்னு எனக்கு மெசேஜ் போட்டிருக்கா. பாருங்க." கைப்பேசியை நீட்டினாள். "ஆனா சேரே போடலைன்னு முதலாளி சாதிக்கிறார். போன் அடிச்சா ரிங் போகுது. எடுக்க மாட்டேங்குறா."

தலையெண்ணி அந்தச் செய்தியைப் படித்தார். அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

"எனக்குத் தெரியாதும்மா. நிறைய பேர் போனாங்க" என்றார்.

அவள் அடுத்த ஆளைத் தேடிப் போனாள். போகும்போதே கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டாள்.

இயந்திரம் வந்தது. அதைத் தெருவுக்குள் திருப்புவதற்கு நேரமாயிற்று. ஓட்டுநர் பின்னால் வந்து, முன்னால் போய், ஒரு மின்கம்பத்தை உரசி, மறுபடி பின்னால் வந்தார். அந்த இருபது நிமிஷமும் தலையெண்ணி பணிமனைச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஜெயில் ஞாபகம் வந்தது. மனைவி ஞாபகம் வந்தது. ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருஷம் என்பது ஞாபகம் வந்தது. எதை நினைத்தாலும் நடுவில் அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே போனாள். ஓடி வந்தவர்களை எல்லாம் கதவருகே நின்று இழுத்துவிட்டவர் அவர்தான். அவர்களில் அவள் இல்லை. இது அவருக்கு ஒன்றரை மணியிலிருந்தே தெரியும்.

இயந்திரத்தின் கை உயர்ந்தபோது ஓடினார்.

"சார், நிறுத்தச் சொல்லுங்க! உள்ள ஆள் இருக்காங்க சார்!"

அதிகாரி திரும்பினார். "யாரு நீங்க?"

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டவன்."

"அதான் சரியா வந்திருச்சே. நூத்தி எண்பத்தாறு."

"அது பொய்க் கணக்கு சார். உள்ள போனது இருநூத்தி முப்பத்தொண்ணு. நாப்பத்தஞ்சு பேருக்கு டிக்கெட் இல்ல. பால்கனிக்குக் கீழயே சேர் போட்டு உக்கார வெச்சிருந்தாங்க." டயரியை எடுத்து நீட்டினார்.

அதிகாரி டயரியை வாங்கவில்லை. இடிந்து கிடந்த இடத்தைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"எண்ணினதே நான்தான் சார்."

"மணி மூணு இருபத்தஞ்சு" என்றார் அதிகாரி. கையை உயர்த்தி இயந்திரத்தை அணைக்கச் சொன்னார். தெரு முழுக்க எல்லோரையும் வாயை மூடச் சொன்னார். மருந்துக்கடைப் பெண்ணைக் கூப்பிட்டு, தங்கையின் எண்ணுக்கு அடிக்கச் சொன்னார். நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கல்லுக்கும் இரும்புக்கும் அடியிலிருந்து, எங்கோ ஆழத்தில், ஒரு துள்ளல் பாட்டின் மெட்டு கேட்டது.

அக்காக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு கையால்தான் தோண்டினார்கள். முதலில் வெளியே வந்தவர் ஒரு வர்ணம் பூசுகிற தொழிலாளி. ஒரு கால் நசுங்கியிருந்தது, ஆனால் பேசினார். அவரைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர் உயிரோடு வந்தார்கள். மற்ற ஏழு பேர் பிணமாக வந்தார்கள். செருப்புக் கடைப் பெண் ஏழு பேரில் ஒருத்தி. நாற்பத்தைந்தில் பதினொரு பேர் அடியில் இருந்தார்கள், மீதிப் பேர் அவர் நினைத்தபடியே வீட்டுக்குத்தான் ஓடியிருந்தார்கள். அதில் அவருக்கு ஆறுதல் எதுவும் இருக்கவில்லை.

அவருடைய மனைவி அரசு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு, நாளைக்கு வா என்று போலீஸ் விட்டதும் அவர் நேராக அங்கே போனார். போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தவள் இவரைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள்.

"ஏங்க, அடி கிடி பட்டுச்சா? நீங்க சொல்லித்தான் தோண்டினாங்களாமே! வார்டு முழுக்க அதே பேச்சு. நாலு உயிரைக் காப்பாத்திட்டீங்கன்னு நர்ஸம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க."

"நான் எப்போ சொன்னேன் தெரியுமா?" என்று கேட்டார்.

"எப்போ சொன்னா என்ன..."

"ஒண்ணு இருபதுக்கு விழுந்துச்சு. நான் மூணு இருபத்தஞ்சுக்குச் சொன்னேன்."

அவள் கையிலிருந்த போர்வையை மடிக்கப் போனவள் நிறுத்தினாள். "ரெண்டு மணி நேரமா?"

"ஆமா."

"எதுக்குங்க?"

உறையைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் போய் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினாள். மூலைக்கு மூலை சேர்த்து, நீவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

படம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். ஓடிற்று. கூரை விழுந்த செய்தி பரவியதும், இந்தப் படத்துக்கு ஏதோ சாபம் இருக்கிறது, கல்லறைக் காட்சியைத் திரையிட்டால் கட்டடம் விழுகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இரண்டாம் வாரம் பக்கத்து நாடுகளில் கூட்டம் ஒன்றரை மடங்கானது. அந்தக் கட்டம் வரும்போது ஜனங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக் கூச்சல் போட்டார்களாம். நிறுவனம் இரங்கல் தெரிவித்து இரண்டு வரி அறிக்கை விட்டது. அதே பக்கத்தில் கீழே, சொந்த நாட்டில் தோற்று வெளிநாடுகளில் இவ்வளவு சம்பாதித்த வேறு படம் தங்களிடம் இல்லை என்று மார்தட்டியிருந்தது.

அலுவலகப் பெண் ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்மா."

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மேலேருந்து கேக்கச் சொன்னாங்க. அந்த நாப்பத்தஞ்சு டிக்கெட்... அன்னிக்கு மட்டும்தானா, இல்ல முன்னாடியிருந்தே அப்படித்தானான்னு."

"முன்னாடியிருந்தேதான்."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. அன்னிக்கு மட்டும்னு சொல்லுங்க. நான் அப்படியே எழுதிக்கிறேன்."

"வேணாம்மா. உள்ளதை எழுது" என்றார்.

அடுத்த நாளே வேலை போயிற்று. முப்பத்தோரு வருஷத்துக்கு உரிய பணத்தையும் நிறுவனம் பிடித்துக்கொண்டது. அவர் அதைக் கேட்டுப் போகவும் இல்லை.

வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. தலையெண்ணி எதையும் மறைக்கவில்லை. முதலாளியின் வக்கீல் அவரைப் பிடி பிடியென்று பிடித்தார். பன்னிரண்டு வருஷம் பொய்க் கையெழுத்துப் போட்டவர் இப்போது சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டார். நல்ல கேள்விதான் என்று தலையெண்ணிக்கே பட்டது. டாக்டர் சாட்சி சொன்ன நாளில் அவரும் நீதிமன்றத்தில் இருந்தார். ஏழு பேரில் ஐந்து பேர் விழுந்த நொடியிலேயே போய்விட்டார்கள், ஒருவர் அரைமணி நேரத்தில் போய்விட்டார், செருப்புக் கடைப் பெண் மட்டும் இரண்டரை மணியிலிருந்து மூன்றரைக்குள் எப்போதோ இறந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று நீதிபதி கேட்டார். முடியாது என்றார்.

மதியம் வராந்தாவில் மருந்துக்கடைப் பெண் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நான் வந்து கேட்டப்போ மணி என்ன?"

"மூணு இருக்கும்மா."

"அப்போ அவ உயிரோட இருந்திருப்பாளா?"

"தெரியாது. இருந்திருக்கலாம்."

"என் தங்கச்சியை நீங்க பாத்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"பாத்தேன். தண்ணி வாங்க வெளிய வந்தா. என்னை ரெண்டு தடவை எண்ணிடாதீங்கண்ணேன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன்."

அவள் அறைவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அறைந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் அழக்கூட இல்லை.

"அவ அப்படித்தான். யார்கிட்டயாச்சும் வம்பு இழுத்துக்கிட்டே இருப்பா" என்றாள். பிறகு, "இனிமே எங்க பார்த்தாலும் என்கிட்ட பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதலாளிக்கு மூன்று வருஷம் கிடைத்தது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். தலையெண்ணிக்கு ஏழு மாதம். அவர் மேல்முறையீடு செய்யவில்லை. ஏழு மாதத்தையும் முழுதாக உள்ளே கழித்தார். மனைவி வாரம் தவறாமல் வந்து பார்த்தாள். வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிவிட்டார், இப்படி ஏதாவது சொல்வாள். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

வெளியே வந்து ஒரு மாதம் இருக்கும். காலை வேளையில் வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. முதலில் தோண்டியெடுத்த அந்த வர்ணக்காரர். ஒரு கால் முழங்காலோடு போயிருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று தலையெண்ணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஊர்ல இல்லைன்னு சொல்லிடு" என்று மனைவியிடம் கிசுகிசுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டார்.

மனைவி சொல்லவில்லை. "உள்ளதான் இருக்கார், உக்காருங்க" என்று நாற்காலியை எடுத்துப்போட்டாள். அவர் வெளியே வந்துதான் ஆக வேண்டியிருந்தது.

வர்ணக்காரர் நன்றி சொல்ல வரவில்லை. "ஐயா, அரசாங்கத்துல நிவாரணம் குடுக்கிறாங்க. டிக்கெட் வெச்சிருந்தவங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க. எனக்கு டிக்கெட் ஏது? உள்ள இருந்ததுக்கு என்ன ஆதாரம்னு கேக்குறாரு கிளார்க்கு. நான் காலைக் காட்டினேன். கால் எங்க வேணா போயிருக்கலாம்யாங்கிறாரு."



"நான் வந்து சொன்னா ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டார் தலையெண்ணி.

"வேற யாரு இருக்கா சொல்ல?"

அப்படித்தான் அது தொடங்கியது. அடியில் சிக்கிய பதினொரு பேருக்கும் டிக்கெட் இல்லை. செத்தவர்கள் குடும்பத்துக்கும் அதே பதில்தான் கிடைத்திருந்தது. தலையெண்ணி ஒவ்வொரு வீடாகத் தேடிப் போனார். சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் செத்தவரின் தம்பி சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினார். அடுத்த வாரம் அதே தம்பி காகிதங்களோடு வந்தார். பகலெல்லாம் பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவும் வேலை, விடுப்புக் கிடைக்கும் நாளில் நிவாரண அலுவலகம் என்று ஆயிற்று அவருக்கு. கிளார்க்குக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். ஜெயிலுக்குப் போய்வந்தவன் சாட்சி செல்லாது என்றார். தீயணைப்பு அதிகாரி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு, சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்.

இரண்டு வருஷத்தில் எட்டுப் பேருக்குக் கிடைத்தது. மருந்துக்கடைப் பெண் விண்ணப்பமே போடவில்லை. அவள் சொன்னதை மதித்து அவரும் அந்தப் பக்கம் போகவில்லை. மனைவிதான் ஒருநாள் மாத்திரை வாங்கும் சாக்கில் போய்ப் பேச்சை எடுத்தாள். மருந்துக்கடைப் பெண் மாத்திரையை உறையில் போட்டு, சில்லறையை எண்ணிக் கொடுத்து, "தலைவலிக்கு இது ராத்திரி மட்டும் போடுங்க" என்றாளாம். வேறு எதுவும் பேசவில்லையாம்.

வர்ணக்காரருடைய காகிதம் இன்னும் முடியவில்லை. இரண்டு தடவை தொலைந்தது, ஒரு தடவை வேறு யாருடைய கோப்பிலோ கிடந்தது. வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்குள் வந்தால் பெரிய அதிகாரியைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரிய அதிகாரி மாற்றலாகிப் போகிறார், அதற்குள் பார்த்தால்தான் உண்டு. அலுவலகம் மூன்றாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் ஓடுவதில்லை. வர்ணக்காரர் படியேறுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், எட்டரை மணிக்கே போய்விடலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.